லாடம் கழன்ற குதிரையை ஓட்டலாமா?

குதிரை வண்டிக்காரனுக்குக் கால்கள் ஆறு. அதில் எது நொண்டினாலும் அன்றைக்கு அவன் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

எழுபதுகளின் கடைசியில் சங்ககிரி ரயில் நிலையத்து வாசலில் நின்ற மூன்று ஜட்காக்களில் ஒன்று என்னுடையது. கிணறு வற்றி வெள்ளாமைக்கு வழியில்லாமல் போனபோது உழவு மாடுகளை விற்றுவிட்டு ஒரு பெண் குதிரையை வாங்கினேன். ஏர் ஓட்டின காட்டுக்காரன் குதிரை ஓட்டுகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம் என்பதால் அதற்குப் பவுனு என்று பேர் வைத்தாள் என் மனைவி சரசா. வீட்டில் இருந்த பவுன் அது ஒன்றுதான்.

டெம்போ, தறி, மாவரைக்கும் மெஷின் என்று எதையாவது ஒன்றை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். உங்களுடையது பழுதானால் நின்றுவிடும். நீங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள். என்னுடையது நிற்காது, அதுதான் தொல்லை. வலித்தாலும் ஓடும். ஓட்டலாமா கூடாதா என்ற கேள்வியை என் தலையில் கட்டிவிட்டு அது பாட்டுக்கு ஓடும். பவுனுவின் கதை நல்லபடியாக முடியவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிற இடம் வந்தால் அங்கேயே சிரித்துவிடுங்கள், பின்னால் கிடைக்காது.

ஸ்டெப்னி

லாடம் கழன்றால் முதலில் தெரிவது காதுக்குத்தான். தார் ரோட்டில் நாலு காலும் ஒரே மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வரும். திடீரென்று ஒன்று மட்டும் 'பொத்' என்று ஊமையாகிவிடும். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்த பேங்க் ஆபீசர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு தடவை பின்னங்கால் ஒன்று அப்படி ஊமையாகிவிட்டது. நான் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். எதற்கு நடக்கிறீர்கள் என்று கேட்டார். லாடம் விழுந்துவிட்டது, வெறும் குளம்போடு தார் ரோட்டில் ஓடினால் தேய்ந்து சதை தெரிந்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் நிற்க வேண்டியதுதான் என்று விளக்கினேன்.

அவர் வண்டியிலிருந்து குனிந்து குதிரையின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மற்ற மூன்றும் சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி. பிறகு உட்கார்ந்திருந்த சாக்கைத் தூக்கி அடியில் எதையோ தேடினார். வைக்கோலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. என் மேல் உண்மையான இரக்கத்தோடுதான் அதைக் கேட்டார்.

"பஸ்ஸுல, லாரியில எல்லாம் ஸ்டெப்னி வெச்சிருக்காங்க. நீங்க மட்டும் ஏன்ப்பா ஒண்ணு வெச்சுக்கறதில்லை?"

படுக்காத மாடு

சங்ககிரிச் சந்தையில் லாடம் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஆனால் மாட்டுக்குக் கட்டுகிறவர். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, காலுக்கு இரண்டு துண்டு லாடம். குதிரைக்கு ஒரே வளையம். மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்துக் கட்டுவார்கள். குதிரையை நிற்கவைத்து, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துக் கட்ட வேண்டும். அந்த வேலை தெரிந்த பாய் சேலத்திலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். இடையில் கழன்றால் அவர் வருகிற வரைக்கும் நானும் குதிரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

திருச்செங்கோட்டுத் தேர் நெருங்கிய சமயம் அப்படிக் கழன்றுவிட்டது. வண்டிக்காரனுக்கு வருசத்தில் நாலு காசு பார்க்கிற நாட்கள் அவை. மாட்டுக்காரரிடமே கொண்டுபோனேன். "காலுன்னா எல்லாம் காலுதானுங்க" என்று தைரியம் சொன்னார். சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் பவுனுவின் நாலு காலையும் சேர்த்துக் கயிறு போட்டு இழுத்தார். நான் தடுப்பதற்குள் அது எட்டி ஒரு உதை விட்டது. அவருடைய ஆணிப் பெட்டி பறந்துபோய்ப் பக்கத்துக் கடை வெங்காயக் குவியலில் விழுந்தது. சந்தையே கூடிச் சிரித்தது. வெங்காயத்துக்குள் கையைவிட்டு ஆணிகளைப் பொறுக்கி முடித்தபின், எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கௌரவமாகச் சொன்னார்.

"படுக்காத மாட்டுக்கு நான் லாடம் கட்டறதில்லீங்க."

அந்த வருசத்துத் தேருக்கு நான் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கீழே விழுந்த லட்சுமி

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. குதிரை ஓடும்போது அதன் காலிலிருந்து தானாகக் கழன்று விழுந்த லாடத்தைக் கண்டெடுத்து வாசல் நிலைக்கு மேலே அடித்தால் அந்த வீட்டுக்கு நல்லது. கடையில் வாங்கிய புது லாடம் ஆகாது. தேய்ந்திருக்க வேண்டும், தானாக விழுந்திருக்க வேண்டும். அதனால் என் வண்டியில் ஏறுகிறவர்களில் சிலர் வழி நெடுகப் பின்பக்கம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார்கள். எனக்கு ஆகாத காரியம் அவர்களுக்கு நல்ல சகுனம்.

மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருந்தார், ரொம்ப மரியாதையானவர். ஒரு நாள் லாடம் தெறித்து விழுந்த சத்தம் கேட்டதும், வண்டி நிற்பதற்கு முன்பே, அந்தப் பெருத்த உடம்போடு குதித்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு, கையில் லாடம். அதைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம், கொடுங்கள் என்று கேட்டேன். துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். என் குதிரையின் காலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மீதி வழிக்கு வேறு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள் என்றதும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கு அது இரும்புங்க. எனக்கு லச்சுமிங்க. காலடியில வந்து உழுந்தவளைத் திருப்பிக் குடுங்கறீங்களே, நாயமுங்களா?"

மாப்ளையின் குதிரை

நாச்சிமுத்து என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். காட்டை அடமானம் வைத்துப் புது லாரி எடுத்தார். சங்ககிரியில் அப்போது பாதிப் பேர் லாரியில் இருந்தார்கள், மீதிப் பேர் லாரி எடுக்கும் யோசனையில் இருந்தார்கள். புது வண்டியின் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியாகிவிட்டது; நடுவில் ஒரு லாடம் மட்டும் பாக்கி. தானாக விழுந்த லாடம். அதுவும் சொந்தத்துக்குள்ளேயே குதிரை இருக்கும்போது வெளியே போய்க் கேட்க அவருக்கு மனசில்லை.

தினமும் காலையில் டீ குடிக்க வருகிறவர் நேராக என் வண்டிக்குத்தான் வருவார். உட்கார்ந்து பவுனுவின் காலைப் பார்ப்பார். வலது முன்னங்கால் லாடத்தில் ஒரு ஆணி லேசாகத் தலையைத் தூக்கியிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதிலிருந்து அந்த ஆணியைக் காய்க்கு வருகிற செடியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் வந்தால் அடித்து இறுக்கிவிடுவேன் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. லாரி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலான கவலையோடு, வீட்டில் பிரசவத்துக்கு இருப்பவளை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்.

"ஏனுங்க மாப்ள, இன்னும் உழுகலீங்களா?"

சொந்தத்துக்குள்ளே

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பவுனு வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தது. லாடம் இல்லை. தானாகக் கழன்றால் ஆணி வளைந்து ஓட்டை மட்டும் இருக்கும். இதில் குளம்பின் ஓரமே குறடு வைத்து நெம்பியது போலப் பெயர்ந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. லாடத்தைத் தேடவேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. மறுநாள் குங்குமமும் மஞ்சளும் வைத்து, லாரியின் பம்பரில் நடுநாயகமாக இருந்தது.

சரசா அழுதாள். அவளுடைய அண்ணன், என்னுடைய குதிரை; யாருக்காகப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானே போய்க் கேட்டேன். கீழே கிடந்ததை க்ளீனர் எடுத்து வந்தான் என்றார். குளம்பு பெயர்ந்திருப்பதைச் சொன்னேன். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். பூஜைக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நாச்சிமுத்து என் தோளில் கையைப் போட்டு, ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலும் கையில் கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நாலுல ஒண்ணுதானுங்களே மாப்ள. சொந்தத்துக்குள்ள இதுக்கெல்லாமா வழக்கு?"

பாய் சொன்னது

சேலத்திலிருந்து பாய் வந்ததும் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். புது லாடம் பையில் இருந்தது. அதை எடுக்கவே இல்லை. ஆணி அடிக்க ஓரம் இருந்தால்தானே. குளம்பு வளர்ந்து இறங்க வேண்டும், அது நகம் மாதிரி, அதன் இஷ்டத்துக்குத்தான் வளரும் என்றார். அதுவரைக்கும் மண்ணில் நடக்கலாம், தார் ரோடும் சரளையும் ஆகாது.

நான் லாரி ஷெட்டில் மூட்டை தூக்கப் போனேன். சம்பாதித்ததில் பாதி கொள்ளுக்கும் புல்லுக்கும் போயிற்று. சாயங்காலம் வந்தால் பவுனு, நான் தூக்கிய மூட்டைகளின் வாடையை மோந்து பார்க்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஊன்ற ஆரம்பித்திருந்தது. அடுத்த மாதம் பாய் வந்தபோது, ஒரே ஒரு நடை, மெதுவாக, ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் மட்டும் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் குளம்பைத் தடவிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"ஓட்டினா ஓடும் தம்பி. மாட்டேன்னு சொல்ல அதுக்குத் தெரியாது. அதுக்காக நீங்கதான் சொல்லணும்."

பொறந்தவூட்டுக் கோடி

அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். மற்ற இரண்டு ஜட்காக்களும் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டன. பஸ்கள் ஆள் தொங்கிக்கொண்டு நிற்காமல் போயின. எனக்கு அன்று ஷெட்டில் வேலையில்லை. பவுனுவை மண்பாதையில் நடத்திக்கொண்டுபோய் ஸ்டேஷன் தொட்டியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஈரோட்டுப் பக்கத்து ரயிலில் இறங்கிய பெரியவர் ஒருவர், மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டி வண்டி என்று கேட்டபடி வந்தார். காலில் செருப்பு இல்லை. சேதி கேட்ட இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

அவருடைய மகள் இறந்துவிட்டாள். திருச்செங்கோட்டு ரோட்டில் போய் உள்ளே திரும்பினால் அவளைக் கட்டிக்கொடுத்த வீடு இருக்கும் தோட்டம். பையில் இருந்தது கோடிச் சேலை. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுச் சேலையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள்; அது வருகிறவரைக்கும் காத்திருப்பார்கள். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் காத்திருக்க முடியாது. அப்பன் வீட்டில் ஒருத்தரும் வரவில்லை என்று அக்கம்பக்கத்துச் சேலை ஒன்றைப் போர்த்தி எடுத்துவிடுவார்கள். அந்தப் பேச்சு அந்தப் பெண்ணின் மேல் காலத்துக்கும் நிற்கும். பெரியவருக்கு அவளைத் தவிர வேறு பிள்ளை இல்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நாச்சிமுத்துவின் லாரி நின்றுகொண்டிருந்தது. திருச்செங்கோட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தது. பூஜைக்குப் பிறகு நான் அவரோடு பேசவே இல்லை. இருந்தாலும் போய்க் கேட்டேன். இந்த மனுசரை முன்னால் உட்காரவைத்து, திருப்பத்தில் இறக்கிவிட்டால் போதும் என்றேன். நாச்சிமுத்து பெரியவரைப் பார்த்தார், மஞ்சள் பையைப் பார்த்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. கெட்ட மனிதர் இல்லை. பம்பரில் பவுனுவின் லாடம் குங்குமத்தோடு இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"புது வண்டிங்க மாப்ள. முகூர்த்த நாளும் அதுவுமா கோடியெடுத்துட்டுப் போறவரை ஏத்தினா வண்டிக்கு ஆகுமுங்களா? வேற எது வேணாலும் கேளுங்க."

செருப்பு

லாரி கிளம்பிப் போனதும் பெரியவர் நடக்க ஆரம்பித்தார். அந்த வெயிலில், அந்த வயசில், அந்த வேகத்தில் நடந்தால் பொழுது சாய்வதற்குள் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டார். நான் ஷெட்டிலிருந்து லாரி டியூப் ஒரு துண்டும் சாக்கும் வாங்கிவந்து பவுனுவின் காலுக்குச் சுற்றிக் கட்டினேன். ஸ்டேஷன் ஓரத்திலேயே கிடந்த வண்டியைப் பூட்டினேன். பூட்டும்போது அது சந்தோசமாகத் தலையை ஆட்டியது. ரொம்ப நாளைக்கப்புறம் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கும்.

ரோட்டோர மண்ணிலேயே நடத்திப்போனேன். மண் இருக்கிற வரைக்கும் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் ரோட்டு வேலைக்காக ஓரமெல்லாம் ஜல்லி கொட்டியிருந்தார்கள். தார் ரோட்டுக்கு ஏற வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரத்தில் டியூப் கிழிந்தது. தலை ஒவ்வொரு எட்டுக்கும் ஏறி இறங்கியது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். நிறுத்தச் சொல்லி இறங்கினார். என்னவென்று கேட்டேன்.

"அதுக்கும் செருப்பு இல்ல, எனக்கும் செருப்பு இல்ல. நாங்க ரெண்டு பேரும் நடந்துக்கறோம் சாமி. நீ சேலையை மட்டும் வெச்சுக்க, கீழ வெக்கப்படாது" என்றார்.

பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பவுனுவின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நடந்தார். வெந்த தாரில் அவர் கால் வைத்து எடுப்பதும் குதிரை கால் வைத்து எடுப்பதும் ஒரே மாதிரி இருந்தது. நான் மட்டும் டயர் செருப்புப் போட்டுக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கீழே குதித்துச் செருப்பைக் கழற்றி நீட்டினேன். துக்கத்துக்குப் போகிறவன் போடக்கூடாது என்று மறுத்துவிட்டார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே வானம் சிவக்க ஆரம்பித்தது. இந்த நடையில் போனால் போய்ச் சேரமாட்டோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

பிறகு அவரைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். சாட்டையை எடுக்கவில்லை. நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுப்பேன், ஓடு என்று அர்த்தம். கொடுத்தேன். பவுனு ஓடியது. மூன்று காலின் சத்தத்தையும் நாலாவது காலின் ஊமையையும் கேட்டுக்கொண்டே அந்தத் தோட்டம் வரைக்கும் போனேன். பாய் சொன்னது சரிதான், மாட்டேன் என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை.

பறைச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. பாடையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். வேறு ஒரு சேலையை யாரோ கையில் பிரித்தும் வைத்திருந்தார்கள். பெரியவர் இறங்கிப் பையோடு கூட்டத்துக்குள் போனார். 'மகளே' என்று அவர் கூப்பிட்ட குரல் மட்டும் எனக்குக் கேட்டது. நான் பவுனுவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். கிழிந்த சாக்கு நனைந்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை, அதுதான் முறையும்கூட. வாசலில் நின்ற ஒருவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பொறந்தவூட்டுக் கோடி வந்துருச்சுங்க. இனி எடுக்கலாம்."

மற்ற மூன்று

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் பவுனுவை வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கூட்டிவந்தேன். கால் சீழ் பிடித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் கழுவி மருந்து வைத்தார். குளம்பு மறுபடியும் சேராது, இனி வண்டிக்கு ஆகாது என்று நல்லவிதமாகவே சொன்னார். விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. நொண்டிக் குதிரையை யார், எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சரசா ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுக் கொட்டகையில் மூன்று காலில் நின்றுகொண்டு, ரோட்டில் ஏதாவது வண்டி போனால் காதை மட்டும் நிமிர்த்தும்.

நாச்சிமுத்துவுக்கு ஓகோவென்று இருந்தது. லாடம் வேலை செய்கிறது என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். வருசம் திரும்புவதற்குள் இரண்டாவது லாரிக்கு முன்பணம் கட்டிவிட்டு, தேங்காய் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கைக்குச் சேலை எடுத்து வந்திருந்தார். பழசெல்லாம் மறந்துவிட வேண்டும் என்றார். காப்பி குடித்தார். கொட்டகைக்குப் போய்ப் பவுனுவைத் தடவிக் கொடுத்தார். அது அவர் கையையும் மோந்து பார்த்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் தயங்கி, கடைசியில் சொன்னார்.

"இனி அது ஓடப்போறதில்லீங்களே மாப்ள. மத்த மூணு எதுக்குங்க அதுக்கு?"

சரசா உள்ளே போய் அந்தச் சேலையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். அடுத்த தடவை பாய் வந்தபோது மூன்று லாடத்தையும் கழற்றச் சொல்லி, வற்றிப்போன எங்கள் கிணற்றில் நானே போட்டேன். தை பிறப்பதற்கு முன்னால் பவுனுவும் போய்விட்டது. காட்டிலேயே குழி எடுத்தோம். அதற்கும் ஒரு புதுச் சேலை போர்த்த வேண்டும் என்று சரசா சொன்னாள், போர்த்தினாள்.

இப்போது நான் லாரிகளை எடை போடும் மேடையில் காவலுக்கு இருக்கிறேன். லாடம் கழன்ற குதிரையை ஓட்டலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன், ஆனால் கேட்கிறவர் காலில் செருப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.